பல்பு மங்கிய நேரம்

அந்த வருடம் ஸ்கந்தபுரத்தில் கச்சான் எனும் நிலக்கடலை போட்டவர்களில் கம்பி இழுக்காதவர்கள் ஒருவரும் இல்லை. இருட்டுப்பட்டதும் காட்டுக்கரையால் இறங்கும் பன்றிகள் விடிவதற்குள் அரை ஏக்கரைக் கிளறிப் போட்டுவிட்டுப் போய்விடும். வெடி கொளுத்திப் பார்த்தார்கள். தகரம் தட்டிப் பார்த்தார்கள். பழைய சீலைகளை வேலியில் கட்டித் தொங்கவிட்டும் பார்த்தார்கள். பன்றிகள் எல்லாவற்றுக்கும் பழகிவிட்டன. அதன் பிறகுதான் ஒவ்வொருவராக வீட்டு மின்சாரத்திலிருந்து ஒரு கம்பியை எடுத்துத் தோட்டத்தைச் சுற்றி முழங்கால் உயரத்தில் இழுத்தார்கள். சட்டத்துக்கு மாறான வேலை என்பது எல்லோருக்கும் தெரியும். மூக்கனுக்கும் தெரியும். அவருடைய மனைவி அழகம்மாவுக்கும் தெரியும்.

முதல் பன்றி விழுந்த அன்று சுடுதண்ணீர் வைத்து மயிர் சுரண்டியது அழகம்மாதான். பக்கத்துக் காணிக்காரர் வீரகத்தி வீட்டுக்கும் ஒரு பங்கு போனது. மகன் சாருஜன் இரண்டாம் தரமும் சோறு போடச் சொல்லிச் சாப்பிட்டான்.

அவனுக்குப் பத்தொன்பது வயது. கிளிநொச்சியில் மோட்டார் சைக்கிள் திருத்தும் கராஜ் ஒன்றில் வேலை பார்த்தான். கடைசிச் சண்டையில் ஊரோடு இடம்பெயர்ந்தபோது அவன் நாலு வயதுக் குழந்தை. தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று இடம் மாறி மாறிப் போனபோது அழகம்மா அவனை இடுப்பை விட்டு இறக்கவில்லை. செல் விழுந்தால் முதலில் அவன்மேல் கவிழ்ந்து படுப்பாள். மகள் சுமித்திராவின் கையைப் பிடித்துக்கொண்டு மூக்கன் முன்னால் நடப்பார். நாலு பேரும் உயிரோடு மீண்டது அவர்களுக்கே நம்பமுடியாத விசயம். அழகம்மாவின் தாய் தகப்பன் எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பயந்து மலைநாட்டுத் தோட்டமொன்றிலிருந்து இங்கே வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். ஓடுவதும் திரும்ப வந்து குடிசை போடுவதும் அந்தக் குடும்பத்துக்குப் புதிதல்ல. ஆனால் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தது இதுதான் முதல் தரம்.

அது தை மாதம். இரண்டு நாளாக விடாத மழை. மூக்கனுக்குக் காய்ச்சல். வழக்கமாக வீட்டிலுள்ள எல்லோரும் உள்ளே வந்த பிறகுதான் கம்பிக்குக் கரண்ட் கொடுப்பார். அன்று சாருஜன் வேலை கூடவென்றும் வரப் பிந்துமென்றும் போனில் சொல்லியிருந்தான். அவன் வரும்போது றோட்டிலிருந்து வீட்டுக்கு வரும் ஒழுங்கையால் வருவான், ஒழுங்கைப் பக்கம் கம்பி இல்லை. அதனால் மைம்மல் பொழுதிலேயே சுவிச்சைப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டார்.

மழையென்று கராஜ் முதலாளி வேளைக்கே பூட்டிவிட்டார் என்பது அவர்களுக்குத் தெரியாது. ஒழுங்கையில் இடுப்பளவு வெள்ளம் நின்றதால் பிள்ளை தோட்டத்துக்குக் குறுக்கே ஏறி வந்ததும் தெரியாது.

குசினிக்குள் பல்பு ஒரு தரம் மங்கிப் பிறகு தெளிந்தது.

மூக்கன் பாயில் எழுந்து உட்கார்ந்தார். "அழகு, பண்டி விழுந்திட்டுது போல."

"இப்பவே போறியளோ?"

"கொஞ்ச நேரம் கிடக்கட்டும். அரை உயிரோட கிடந்தால் பாயும்."

அழகம்மா கொத்தமல்லித் தண்ணீரை ஆற்றி அவருக்குக் கொடுத்தாள். பெரிய பானையை அடுப்பில் ஏற்றித் தண்ணீர் நிறைத்து விறகைத் தள்ளி மூட்டினாள். காய்ச்சலோடும் மனிதர் முகத்தில் ஒரு சந்தோசம் இருந்தது. குடித்து முடித்து, சுவிச்சை நிறுத்தி, டோர்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினார். கத்தியையும் இறைச்சி போட ஒரு பேசினையும் எடுத்துக்கொண்டு அவளும் பின்னால் போனாள். தோட்டத்துக்குள் டோர்ச் வெளிச்சம் ஒரே இடத்தில் அசையாமல் நின்றது. பிறகு அது நிலத்தில் விழுந்து கிடந்தது. கிட்டப் போன அழகம்மா முதலில் கண்டது சேறு பிடித்த சப்பாத்து ஒன்றை. அதை எந்தக் கடையில் வாங்கினான் என்பதுகூட அவளுக்குத் தெரியும்.

பொலிஸ் வந்தது. மூக்கன் தானாகவே ஜீப்பில் ஏறினார். கம்பி இழுத்தது தான், சுவிச் போட்டது தான், மனுசிக்கு ஒன்றும் தெரியாது என்று வாக்குமூலம் கொடுத்தார். அழகம்மாவைக் கேட்டபோது அவள் குசினிக்குள் நின்றதாக மட்டும் சொன்னாள். பல்பு மங்கியதை இரண்டு பேருமே சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து பெட்டி வந்த அன்று, கொள்ளி வைப்பதற்காக மூக்கனைச் சிறைக்காவலர் இரண்டு பேர் கூட்டிவந்தார்கள். முற்றத்தில் வைத்து விலங்கைக் கழற்றினார்கள். அவர் பெட்டியை நோக்கி இரண்டு அடி வைத்திருப்பார். அதுவரை சத்தமில்லாமல் கிடந்த அழகம்மா பாய்ந்து எழும்பினாள்.

"அந்தக் கையால என்ர பிள்ளைக்குக் கொள்ளி வைக்க விடாதேங்கோ! வெளியால கொண்டு போங்கோ அந்த மனுசனை!"

பெண்கள் அவளைப் பிடித்து அமர்த்தினார்கள். யாரோ சமாதானம் சொல்ல வாயெடுத்தார். மூக்கன் அதற்கெல்லாம் நிற்கவில்லை. திரும்பி, தானே போய் ஜீப்பில் ஏறி, விலங்குக்குக் கையை நீட்டினார். சுமித்திராவின் புருசன் பிரசாந்தன் கொள்ளி வைத்தான்.

பிணை கிடைத்தபோதும் அழகம்மா கையெழுத்து வைக்கப் போகவில்லை.

"உங்களுக்குப் பிள்ளை போயிட்டுது எண்டால் எனக்கு அப்பாவும் இல்லாமல் போகவேணுமோ?" என்று சுமித்திரா வாசலில் நின்று அழுதாள். "அவர் வேணுமெண்டோ செய்தவர் அம்மா?"

"வேணுமெண்டு செய்யேல்லை எண்டு எனக்குத் தெரியும். எனக்கு ஏலாது பிள்ளை. அந்த முகத்தைப் பாக்க ஏலாது."

பிரசாந்தனும் அவனுடைய தமையனும் பிணை நின்றார்கள். மூக்கன் ஸ்கந்தபுரத்துக்கு வரவில்லை. பரந்தனில் மகள் வீட்டில் தங்கி, அங்கேயே நெல் குத்தும் மில் ஒன்றில் வேலைக்குப் போனார்.

அழகம்மா தனியே இருந்தாள். வந்து போனவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் கேட்டார்கள்: எப்படி நடந்தது? மழையையும் வெள்ளத்தையும் சொல்லுவாள். பல்பைச் சொல்லமாட்டாள். ஆட்கள் எழும்பிப் போன பிறகு அதை நினைப்பாள். தான் விறகைத் தள்ளித் தள்ளி மூட்டியபோது அவன் உயிரோடு இருந்தானா? அந்தக் கேள்விக்கு முன்னால் எந்தப் பிரார்த்தனையும் நிற்கவில்லை. கோயிலுக்குப் போய்ப் பார்த்தாள். பூசை முடியும் முன்பே எழும்பி வந்துவிட்டாள். வானொலியை இரையவிட்டுப் பார்த்தாள். சமைக்க அடுப்பு மூட்டுவதே பெரும் பாடாக இருந்தது. பல நாள் கடையில் வாங்கிய பாணும் பச்சைத் தண்ணீரும்தான். பெரிய பானையை வீரகத்தியின் மனைவி விமலேஸ்வரி கேட்காமலே எடுத்துப் போய்த் தன் வீட்டில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அதில் ஊற்றிய தண்ணீர் அப்படியே கிடந்ததைக் கண்டு எதையோ உணர்ந்திருக்க வேண்டும்.

தோட்டத்தில் புல் ஏறியது. கம்பியைப் பொலிஸ் வழக்குக்கென்று சுருட்டிக்கொண்டு போயிருந்தது. பன்றிகள் மிச்சக் கச்சானைக் கிளறித் தின்றன. அவள் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

அடுத்த மாரி வந்தது. ஊர் திரும்பவும் கச்சான் போட்டது. மூக்கன் வீட்டில் நடந்ததற்குப் பிறகு எல்லோரும் கம்பிகளைக் கழற்றி வைத்திருந்தார்கள். அது ஒரு போகத்துக்குத்தான் தாக்குப்பிடித்தது. ஒரு காலை சந்தைக்குப் போக ஒழுங்கையில் இறங்கிய அழகம்மா, வீரகத்தியின் வேலியோரம் புதுக்கம்பி மினுங்குவதைக் கண்டாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடக்கும் வழி. சந்தைக்குப் போகவில்லை. நேரே படலையைத் திறந்துகொண்டு உள்ளே போனாள்.

"வீரகத்தியண்ணை, இதென்ன வேலை?"

வீரகத்தி கதிரையை விட்டு எழும்பினார். முகம் கறுத்துப்போயிருந்தது. "தங்கச்சி, நான் என்ன செய்ய? போன போகம் முழுக்கப் பண்டிக்குத்தானே விதைச்சனான். சிவப்புத் துணி கட்டியிருக்கிறன். ராவில மட்டும்தான் போடுவன். கவனமா இருப்பன்."

"அவரும் கவனமாத்தான் இருந்தவர்."

வீரகத்தி திரும்பவும் கதிரையில் இருந்தார்.

அவள் ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்பின் கூட்டத்துக்குப் போனாள். வாழ்க்கையில் முதல் தரம் ஒரு கூட்டத்தில் எழும்பி நின்றாள். கம்பிகளைக் கழற்றச் சொன்னாள். தலைவர் நிலத்தைப் பார்த்தார். அது அவரவர் காணி, அவரவர் பொறுப்பு என்றார் ஒருவர். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "அந்த ஆக்கள் கவனமில்லாமப் போட்டுச் செத்ததுக்கு ஊரே பட்டினி கிடக்கவேணுமோ?" இன்னொரு குரல், "பண்டி இறைச்சி திண்ணேக்க ஞானம் வரேல்லை" என்றது. யார் என்று திரும்பிப் பார்க்காமல் அழகம்மா வெளியே வந்துவிட்டாள். சுட்டது 'அந்த ஆக்கள்' என்ற முதல் வார்த்தை அல்ல. மலைநாட்டு ஆக்கள் என்று தள்ளிவைக்கும் அந்தச் சாதிப் பேச்சை அவள் பிறந்ததிலிருந்து கேட்கிறாள். இரண்டாவது வார்த்தைதான் சுட்டது. அது உண்மை.

இரண்டு நாள் சுருண்டு கிடந்தாள். மூன்றாம் நாள் காலை நல்ல சீலை ஒன்றை உடுத்திப் பரந்தனுக்கு பஸ் ஏறினாள்.

மில் வாசலில் மூக்கன் தவிட்டு மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தார். தலைமயிர், புருவம் எல்லாம் தவிடு. அவளைக் கண்டதும் மூட்டையை வைத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்தார். ஒரு வருடத்தில் பத்து வயது கூடியவர்போல் இருந்தார். அழகம்மா றோட்டோர வேம்பின் கீழ் போய் நின்றாள். அவர் வந்து கொஞ்சம் தள்ளி நின்றார்.

"வீரகத்தியண்ணை திரும்பவும் கம்பி இழுத்திருக்கிறார். ஒழுங்கைக் கரையில."

"சொல்லிப் பாத்தனியோ?"

"சொன்னனான். கூட்டத்திலயும் சொன்னனான். ஒருத்தரும் காதில விழுத்தேல்லை. நீங்கள் வந்து சொல்லவேணும்."

"நான் என்னத்தைச் சொல்ல?"

"நடந்ததை."

"அது எல்லாருக்கும் தெரியும்தானே."

"தெரியாது. எங்கள் ரெண்டு பேருக்கும்தான் தெரியும்."

மூக்கன் அவளை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். றோட்டால் ஒரு லொறி இரைந்துகொண்டு போகும்வரை காத்திருந்தார்.

"பல்பையுமோ?"

"ஓம். பல்பையும்தான்."

"அதைச் சொன்னால் உன்னையும் கேப்பினம், அழகு. நான் பொலிசிலகூட…"

"தெரியும். சுமித்திரா சொன்னவள். கேக்கட்டும்." அவளுக்குக் குரல் உடைந்தது. அதைச் சமாளிக்கக் கோபத்தை வரவழைத்துக்கொண்டாள். "நான் உங்களை மன்னிச்சுப்போட்டு வந்து நிக்கிறன் எண்டு மட்டும் நினைச்சுப்போடாதேங்கோ."

"நான் அப்பிடி ஒரு நாளும் கேக்கமாட்டன்" என்றார் மூக்கன்.

சுமித்திரா பயந்தாள். வழக்கு முடியவில்லை, சனத்துக்கு முன்னால் வாய் விட்டால் அது நீதிமன்றம்வரை போகும் என்றாள். லோயரைக் கேட்கச் சொன்னாள். மூக்கன் கேட்கவில்லை. வருவது வரட்டும் என்று மட்டும் சொன்னார்.

அடுத்த கூட்டம் ஒரு ஞாயிறு பின்னேரம். மூக்கன் உள்ளே வந்தபோது பேச்சு நின்றது. ஒரு வருடத்துக்குப் பிறகு ஊருக்குள் அவர் வைத்த முதல் அடி அது. அழகம்மா அவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அவர் யாருடைய முகத்தையும் பார்க்காமல், சுவரிலிருந்த பழைய கலண்டர் ஒன்றைப் பார்த்துக்கொண்டு பேசினார். காய்ச்சலைச் சொன்னார். சுவிச் போட்டதைச் சொன்னார். பிறகு நின்றார்.

"பல்பு மங்கிச்சுது. பண்டி விழுந்திட்டுது எண்டு நான் சந்தோசப்பட்டனான். உடனே நிப்பாட்டேல்லை. அரை உயிரோட கிடந்தால் பாயும், நல்லாச் சாகட்டும் எண்டு விட்டனான். கொத்தமல்லித் தண்ணி குடிச்சு முடியுமட்டும் கரண்ட் ஓடினது. அங்க கிடந்தது என்ர பிள்ளை."

அவர் இன்னும் அந்தக் கலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் உலை வைச்சனான்" என்றாள் அழகம்மா. அவள் பேசப்போகிறாள் என்பது அவளுக்கே தெரியாது. "பண்டியை உரிக்க எண்டு. அவன் அங்க கிடக்க நான் இஞ்ச விறகு தள்ளினனான். நீங்கள் சொன்னது சரிதான், இறைச்சியும் திண்டனான். உங்கட வீட்டிலயும் பல்பு மங்கும். அப்ப நீங்களும் சந்தோசப்படுவியள். அது பண்டிதான் எண்டு ஆருக்குத் தெரியும்?"

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. தரையிலேயே இருந்துவிட்டாள். ஒரு பெண் விம்முவது கேட்டது. விமலேஸ்வரி. கைதட்டலோ தீர்மானமோ எதுவும் இல்லை. ஆட்கள் ஒவ்வொருவராக எழும்பிப் போனார்கள். வீரகத்தி அவர்களைத் தாண்டிப் போகும்போது ஒரு கணம் நின்றார். பிறகு படியிறங்கிப் போனார்.

மறுநாள் விடிய, வேலிக்கு அந்தப் பக்கம் வீரகத்தி கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். ஊரில் வேறு சிலரும் கழற்றினார்கள். எல்லோரும் அல்ல. காட்டுக்கரைப் பக்கம் இரண்டு பேர் இன்னும் மறைவாகப் போட்டிருக்கிறார்கள் என்று கதை. கழற்றியவர்கள் முறை வைத்துக் காவல் இருந்தார்கள். பன்றிகள் இன்னும் வந்தன. அந்தப் போகம் எல்லோருக்கும் விளைச்சல் குறைந்தது. அதற்காக அழகம்மாவைத் திட்டியவர்களும் உண்டு.

மூக்கன் பரந்தனுக்குத் திரும்பிப் போகவில்லை. தோட்டத்து மூலையில் காவல் கொட்டில் ஒன்று போட்டு அதிலேயே இருந்தார். அவள் வீட்டுக்குள் கூப்பிடவில்லை. அவரும் கேட்கவில்லை. முதல் கிழமை விமலேஸ்வரி சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தாள். பிறகு ஒரு நாள் விமலேஸ்வரிக்கு வர முடியாமல் போக, அழகம்மா அடுப்பை மூட்டி, சோறு வடித்து, தானே கொண்டுபோய்க் கொட்டில் வாசலில் வைத்துவிட்டு வந்தாள். கொஞ்ச நாளில் அவர் குசினி வாசலில் வந்திருந்து சாப்பிடத் தொடங்கினார்.

அது சமாதானம் இல்லை. சில நாள் அவர் மென்று விழுங்கும் சத்தமே அவளுக்கு ஆகாது. ஒருமுறை சோற்றுக் கோப்பையைப் பிடுங்கி முற்றத்தில் எறிந்தாள். அவர் எழும்பிப் போய்ச் சோற்றைக் கூட்டி அள்ளி, கோழிக்குப் போட்டுவிட்டு, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுக் கொட்டிலுக்குப் போனார். மறுநாளும் வந்தார். அவளும் சோறு போட்டாள். வேறு சில நாள் சாருஜனைப் பற்றி ஏதோ ஒன்று வாய்க்குள் வரும். அவன் சின்னவனாக இருந்தபோது சண்டைக்குப் பிறகு இருந்த முகாமில் செய்த குழப்படி ஒன்று. அதைக் கேட்டுச் சிரிக்கக்கூடிய ஆள் உலகத்தில் இந்த மனிதர் ஒருவர்தான் என்பது ஞாபகம் வரும். சொல்லுவாள். இருவரும் சிரிப்பார்கள். சிரித்த பிறகு ஒருவரை ஒருவர் பார்க்கமாட்டார்கள்.

பங்குனியில் ஒரு போன் வந்தது. உடையார்கட்டில் இளம் குடும்பஸ்தர் ஒருவர் யாரோ இழுத்த கம்பியில் அகப்பட்டுச் செத்துப்போனாராம். அங்குள்ள கமக்காரர் அமைப்புக்காரர் ஸ்கந்தபுரத்துக் கதையைக் கேள்விப்பட்டு, இரண்டு பேரும் வந்து எங்கட ஆக்களுக்கும் சொல்ல ஏலுமோ என்று கேட்டார்.

"ஏலாது எண்டு சொல்லட்டோ?" என்றார் மூக்கன்.

அழகம்மா கழுவிய கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். "போவம்" என்றாள்.

பரந்தனில் இறங்கி முல்லைத்தீவு பஸ்ஸில் ஏறினார்கள். இடைவிட்ட இரண்டு ஆசனங்களில் இருந்தார்கள். விசுவமடு தாண்டியதும் அழகம்மா யன்னலை இழுத்து மூடினாள். இந்த றோட்டில்தான் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். மூக்கன் எழும்பி வந்து பக்கத்து ஆசனத்தில் அமர்ந்தார். அவள் நகரவுமில்லை, போகச் சொல்லவுமில்லை.

உடையார்கட்டிலும் கூட்டம் அப்படியேதான் நடந்தது. முதலில் சந்தேகம், பிறகு மௌனம். முடிந்து ஆட்கள் கலைந்தபோது மெலிந்த பெண் ஒருத்தி கிட்ட வந்தாள். செத்தவரின் மனைவி, தனுஷா. இருபத்தைந்து இருக்கும். அழகம்மாவை விட்டுவிட்டு நேரே மூக்கனிடம் போனாள்.

"ஐயா, அவருக்கு நொந்திருக்குமோ?"

அழகம்மா அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தக் கேள்வியை அவளும் இத்தனை நாளாகக் கேட்காமல் வைத்திருந்தாள். ஒரு பொய் சொன்னால் இந்தப் பிள்ளை கொஞ்சம் நித்திரை கொள்ளும் என்றும் தோன்றியது.

"தெரியாது பிள்ளை" என்றார் மூக்கன். "தெரியும் எண்டு சொன்னால் அது பொய். நானும் ஒவ்வொரு நாளும் என்னட்டைக் கேக்கிறனான்."

தனுஷா தலையை ஆட்டினாள். அழவில்லை. எல்லோரும் அவளிடம் நோகாது, நோகாது என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். அவள் அங்கேயே மர வாங்கில் உட்கார்ந்தாள். பிறகு அழகம்மாவைப் பார்த்து, "எப்பிடி அம்மா இருக்கிறியள்?" என்று கேட்டாள். சுகம் விசாரித்த மாதிரி இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

கடவுள் இருக்கிறார் என்றோ, காலம் ஆற்றும் என்றோ அழகம்மாவால் சொல்ல முடியாது. அப்படிச் சொன்னவர்களின் முகத்தைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்காமல் இருந்தது.

"இருக்கிறம்" என்றாள். "சில நாள் ஏலாமப் போயிடும். அண்டைக்கும் பின்னேரம் வந்திடும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

பரந்தனுக்குத் திரும்பும் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மூக்கன் கண்ணைக் காட்டினார். அழகம்மா எழும்பவில்லை. ஒரு வருடத்துக்கு மேலாகத் தன்னிடம் எல்லோரும் கேட்டதையும், ஒருவரும் கேட்காமல் விட்டதையும் நினைத்தாள். வாங்கில் நெருங்கி இருந்து தனுஷாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்தாள்.

"அவருக்கு என்ன பேர் பிள்ளை?"

"திலீபன்."

"என்ன கறி எண்டால் விருப்பமாச் சாப்பிடுவார்?"

தனுஷா திகைத்துப் பார்த்தாள். பிறகு, மெதுவாக, கணவாய்க் கறியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். எவ்வளவு உறைப்புப் போட்டாலும் போதாது என்பாராம், அதுக்காகவே சண்டை வருமாம். சொல்லச் சொல்ல அவளுடைய குரல் ஓடத் தொடங்கியது. மூக்கன் வாசற்படியில் போய் இருந்தார். பஸ் றோட்டால் ஹோன் அடித்துக்கொண்டு போனது. ஒருவரும் எழும்பவில்லை.